வெளிச்சம் வாங்கப் போய் வெயிலை வாங்கிய கதை

எங்கள் தறி குடோனில் உச்சி வெயில் நேரத்திலும் டியூப் லைட் எரிந்துகொண்டிருக்கும். கோயம்புத்தூரை அடுத்த சோமனூர்ப் பக்கம் பழைய குடோன்களுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மேலே சிமென்ட் ஷீட், சுவரில் கைக்குட்டை அளவு ஜன்னல்கள், அதையும் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல், காய்ந்துவிடும் என்று சாத்தியே வைத்திருப்போம். அறுபதுக்கு முப்பது அடி இடத்தில் பன்னிரண்டு தறி. ஓட்டுவது காடா துணி, அதாவது வெளுக்காத, சாயம் போடாத துணி, கூலிக்கு. வெள்ளை நூலில் ஓர் இழை அறுந்தால் அரை இருட்டில் சட்டென்று கண்ணில் படாது, துணி ஒரு சாண் ஓடிய பிறகுதான் தெரியும். மடிக்கும்போது அந்தக் கோடு தெரிந்தால் கூலியில் பிடித்துவிடுவார்கள். கூரையில் நாலு இடத்தில் வெளிச்சம் இறங்குகிற மாதிரி ஷீட் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று 2011-இல் எனக்குத் தோன்றியது. தீரவில்லை. அதற்குப் பிறகு பத்து வருடம் இந்த ஒரே விஷயத்தில் நான் செய்த தப்புகளைக் கேட்டுக் கேட்டுச் சிரித்த நண்பர் ஒருவர், இப்போது தன் மாட்டுக் கொட்டகைக்குக் கூரை போடப் போகிறார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கரண்ட் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டு இதில் இறங்குபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தக் கணக்கு தறி குடோனுக்கு ஒத்துவராது. ஒரு தறியின் ஒரு எச்பி மோட்டார் 746 வாட். மேலே எரியும் பழைய குழல் விளக்கு சோக்கோடு சேர்த்து ஐம்பது வாட். அதை 20 வாட் எல்இடியாக மாற்றியபோதே விளக்குச் செலவில் பாதிக்கு மேல் போய்விட்டது, கூரையில் கை வைக்காமலே. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் இலவசமாக இருந்தது, 2023-இல் 1000 ஆக்கிவிட்டார்கள். கரண்ட் போன நேரத்தில் உதவுமே என்பார்கள். கரண்ட் போனால் தறியே நின்றுவிடும், வெளிச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெளிச்சம் வேண்டியது கண்ணுக்காக. எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் நூலையே பார்த்து நிற்பவருக்கு விளக்கு வெளிச்சத்தைவிடப் பகல் வெளிச்சம் எவ்வளவு சுகம் என்று அவர்களைக் கேட்டால் தெரியும்.

தாத்தா கட்டிய ஓட்டு வீட்டில் சமையற்கட்டுக்கு மேலே ஒரே ஒரு கண்ணாடி ஓடு இருந்தது. மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷன்காரர்கள் 1865-இல் ஆரம்பித்து வைத்த சீமை ஓட்டுத் தொழில் ஊர் ஊராகப் பரவியதே, அந்த ஓட்டின் அதே அச்சில், அதே கொக்கியோடு கண்ணாடியில் வார்த்தது. ஒரு மண் ஓட்டை உருவிவிட்டு இதைச் செருகினால் போதும், ஒழுகாது, கூரையின் ஓர் உறுப்பாகவே உட்கார்ந்துகொள்ளும். அவ்வளவு பெரிய அறைக்கு ஒன்று போதுமாக இருந்தது. அதைச் சின்ன வயதில் தினமும் பார்த்து வளர்ந்த நான்தான் குடோனுக்கு பதினாறு ஷீட் வாங்கி வந்தேன்.

வாங்கியது ஃபைபர் ஷீட். கண்ணாடி இழைகளைப் பாலியெஸ்டர் ரெசினில் தோய்த்து அலை அலையாக வார்த்தது. சிமென்ட் ஷீட்டின் அலைக்குப் பொருந்தும், விலை குறைவு, போடத் தெரிந்த ஆட்கள் ஊரெல்லாம் உண்டு. இரண்டு சரிவிலும் எட்டு எட்டாகப் போட்டோம். முதல் நாள் குடோனுக்குள் நுழைந்தபோது கல்யாண வீடு மாதிரி இருந்தது. நூல் தூசி மிதப்பதுகூட அழகாகத் தெரிந்தது. அது தை மாதம்.

சித்திரையில் தெரிந்தது விவகாரம். மேற்குப் பார்த்த சரிவுக்குக் கீழே இருந்த மூன்று தறிகளில் மட்டும் மத்தியானத்துக்கு மேல் இழை அறுந்துகொண்டே இருந்தது. எனக்கு நூல்மேல் சந்தேகம், பாவுக்குக் கஞ்சி போடும் சைசிங்கில் கஞ்சி சரியில்லை என்று ஃபோன் போட்டுச் சண்டை பிடித்தேன். அந்தத் தறிகளை ஓட்டிய அக்கா மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நூலுக்கு ஒண்ணுமில்லீங்க, மேல பாருங்க. ரெண்டு மணிக்கு வெயில் பாவு மேலயே வந்து உக்காந்துக்குது, அது நகருற வரைக்கும் அறுக்குது" என்றார். பருத்தி நூல் ஈரம் இருந்தால்தான் வலுவாக நிற்கும், கஞ்சி போட்ட பாவு காய்ந்தால் மொறுமொறுப்பாகி முறியும். இது நெசவுக்காரனுக்கு அரிச்சுவடி. ஜன்னலைச் சாத்தி ஈரத்தைக் காத்தவன் கூரையில் பதினாறு ஓட்டை போட்டு வெயிலை உள்ளே விட்டிருக்கிறேன். அடுத்த நாளே அக்கா சாக்குப் பையைப் பிரித்துக் கம்பியில் கட்டி அந்த ஷீட்டை மறைத்துவிட்டார். காசு கொடுத்து வெளிச்சம் வாங்கி, சாக்குப் போட்டு மூடி, பகலில் மறுபடியும் டியூப் லைட்.

ஃபைபர் ஷீட்டின் மற்ற குணம் மெதுவாகத் தெரிந்தது. வெயிலில் மேலே இருக்கும் ரெசின் தேய்ந்துபோய் உள்ளே இருக்கும் கண்ணாடி இழை வெளியே தலைநீட்டும். கையால் தடவினால் அரிப்பு எடுக்கும், மூன்று நாளுக்குப் போகாது. அந்த இழைகளுக்கு நடுவே தூசியும் பாசியும் பிடித்துக்கொள்ளும், நிறம் மஞ்சளாகிப் பிறகு பழுப்பாகும். மேல் பூச்சு நன்றாக உள்ள ஷீட் இதைவிட நிறைய வருடம் உழைக்கும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன், நான் வாங்கியது அந்த ரகம் இல்லை. நாலைந்து வருடத்தில் மேலே இருந்து பார்த்தால் எது சிமென்ட் ஷீட், எது ஃபைபர் ஷீட் என்றே தெரியாத அளவுக்கு ஒரே சாம்பல் நிறம்.

இந்த ஒரே நிறம்தான் 2018-இல் ஓர் உயிரை வாங்கப் பார்த்தது. கூரைமேல் விழுந்த தென்னை மட்டையை எடுக்க ஒரு பையனை ஏற்றிவிட்டேன். சிமென்ட் ஷீட்டில் போல்ட் வரிசைமேல், அதாவது கீழே ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லின் போகிற கோட்டின்மேல் மட்டும் கால் வைக்கணும் என்று சொல்லித்தான் அனுப்பினேன். ஃபைபர் ஷீட் எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை. திரும்பி வரும்போது ஒரு கால் அப்படியே உள்ளே போய்விட்டது. இடுப்பு வரை இறங்கி, இன்னொரு கால் பர்லினில் மாட்டியதால் தொங்கினான். கீழே ஓடிக்கொண்டிருந்த தறி. தொடையில் எட்டுத் தையல். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, "எல்லாமே ஒரே கலருங்கண்ணா, எனக்கெப்படித் தெரியும்" என்று அவன் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. அந்தத் தப்பு முழுக்க என்னுடையது.

அதனால் ஒளி விடும் ஷீட் கூரையில் இருந்தால், நல்லதோ மட்டமோ, அதன்மேல் யாரும் கால் வைக்கக் கூடாது என்பதை எங்கள் குடோனில் எழுதாத சட்டமாக வைத்திருக்கிறேன். ஏறியே ஆகவேண்டும் என்றால் இரண்டு மூன்று பர்லினுக்குக் குறுக்கே படுகிற நீளத்தில் பலகை போட்டு, அதன்மேல்தான் நடை. இடுப்பில் பெல்ட், அதன் கயிறு கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டமான டிரஸ்ஸில். ஒவ்வொரு ஒளி ஷீட்டின் நான்கு பக்கமும் பக்கத்து ஷீட்டில் சிவப்புப் பெயின்டில் கோடு. ஷீட்டுக்கு அடியில் கம்பி வலை. இதெல்லாம் பெரிய கம்பெனிகளில் செய்வது, நமக்கெதற்கு என்று ஒரு காலத்தில் நானும் நினைத்தவன்தான்.

நடுவில் வீட்டில் ஒரு சோதனை செய்து பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். 2017-இல் துணி துவைக்கும் இடத்துக்கு மேலே பாலிகார்பனேட் மல்டிவால் ஷீட் போட்டோம். இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே குறுக்குச் சுவர்கள் வைத்துக் குழாய் குழாயாக இருக்குமே, அது. 6 மில்லிமீட்டர் கனம், சதுர மீட்டருக்கு ஒன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல்தான் எடை, ஆனால் லேசில் உடையாது. சிடி தட்டும் ஹெல்மெட் முகமூடியும் பல 20 லிட்டர் தண்ணீர் கேன்களும் செய்கிற அதே பிளாஸ்டிக். 1953-இல் ஜெர்மனியில் ஒருவரும் அமெரிக்காவில் ஒருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தது. அடியைத் தாங்கும், ஆனால் வெயிலைத் தாங்காது. பழைய காரின் ஹெட்லைட் மஞ்சள் பூத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் பாலிகார்பனேட்தான். அதனால் கூரைக்கு வரும் ஷீட்டில் ஒரு பக்கம் மட்டும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஒரு படலம் சேர்த்தே வார்த்திருப்பார்கள். தலைமுடியைவிட மெல்லியது, கண்ணுக்குத் தெரியாது. எந்தப் பக்கம் என்று மேலே ஒட்டிய ஃபிலிமில் எழுதியிருக்கும், அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் ஷீட் போட வந்தவர் சுறுசுறுப்பான ஆள். கீழேயே வைத்து இரண்டு பக்க ஃபிலிமையும் உரித்துச் சுருட்டிப் போட்டுவிட்டு, பளபளவென்று மேலே ஏற்றினார். உரித்துவிட்டால் எது மேல், எது கீழ்? அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எங்கள் அதிர்ஷ்டம், மூன்று ஷீட்டில் இரண்டு தலைகீழாகப் போயிருக்கின்றன. இரண்டே வருடத்தில் அந்த இரண்டும் மஞ்சள் அடித்து, மேற்பரப்பில் முடி மாதிரி விரிசல் ஓடியது. சரியாகப் போட்ட மூன்றாவது ஷீட் இன்றைக்கும் நன்றாக இருக்கிறது. இதைவிட நல்ல பாடம் யாரும் எடுக்க முடியாது. ஃபிலிமை முதலில் ஓரத்தில் மட்டும் இரண்டு அங்குலம் உரித்து மடித்துவிட்டு, ஷீட்டை மேலே வைத்து ஸ்க்ரூ போட்டு, அன்றைக்கே முழுசாக உரிக்க வேண்டும். அப்புறம் உரித்துக்கொள்ளலாம் என்று விட்டால் வெயிலில் வெந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு நகத்தால் சுரண்டினாலும் வராது.

அதே மூன்று ஷீட்டில் மற்ற தப்புகளும் பார்த்தாயிற்று. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூரையில் டக், டக் என்று சத்தம். அம்மா பூனை என்று நினைத்துக் கொம்பை எடுத்துக்கொண்டு போவார். பூனை இல்லை, ஷீட் சுருங்குகிற சத்தம். பாலிகார்பனேட் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.07 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் நீளும். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். மார்கழி விடியற்காலையில் 20 டிகிரியில் இருக்கும் கூரை ஷீட் சித்திரை மத்தியானம் 60 டிகிரியைத் தொடும் என்று வைத்தால், பன்னிரண்டு அடி ஷீட் ஒரு சென்டிமீட்டர் நீண்டு சுருங்குகிறது. கீழே இருக்கும் இரும்பு அதே நேரத்தில் இரண்டு மில்லிமீட்டர்கூட நீளாது. ஸ்க்ரூ கனத்துக்கே ஓட்டை போட்டு இறுக்கிவிட்டால் ஷீட் எங்கே போகும்? ஓட்டையைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி விரிசல் விடும். ஓட்டை ஸ்க்ரூவைவிட மூன்று நாலு மில்லிமீட்டர் பெரிதாக இருக்கணும், மேலே அகலமான வாஷரும் அதற்கடியில் ஈபிடிஎம் ரப்பரும் இருக்கணும், ரப்பர் நசுங்கிப் பிதுங்குகிற அளவுக்கு முறுக்கக் கூடாது. டிரில் மிஷின் கையில் இருந்தால் நம் ஆட்களுக்குக் கை நிற்காது, முறுக்கிக்கொண்டே போவார்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குழாய் வாய்களை பிரவுன் டேப் போட்டு ஒட்டியிருந்தார். ஒரு மழைக்காலத்தில் டேப் உரிந்து, உள்ளே எறும்பு குடியேறி, ஈரம் போய்ப் பச்சைப் பாசி கோடு கோடாக வளர்ந்தது. குழாய்க்குள்ளே போய் யார் கழுவுவது? மேல் வாயை அலுமினிய டேப்பால் முழுசாக அடைக்கணும், கீழ் வாய்க்கு ஈரம் வெளியேறுகிற மாதிரி நுண்துளை உள்ள டேப் தனியாகக் கிடைக்கிறது, அதை ஒட்டி அதன்மேல் யூ வடிவ அலுமினியப் பட்டை. குழாய்கள் சரிவின் திசையிலேயே மேலிருந்து கீழாக ஓட வேண்டும், குறுக்கே போட்டால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். சரிவு குறைந்தது அடிக்கு ஒரு அங்குலம். சிலிக்கான் வாங்கும்போது மூக்கைப் பயன்படுத்துங்கள், வினிகர் மாதிரி புளித்த வாடை வந்தால் அது பாலிகார்பனேட்டுக்கு ஆகாது, நியூட்ரல் என்று கேட்டு வாங்கணும்.

சரி, குடோனுக்கு வருகிறேன். பையன் விழுந்த பிறகு அந்தக் கூரையை வைத்துக்கொண்டிருக்க மனசு ஒப்பவில்லை. 2021-இல் மொத்தமாக மாற்றினோம். பழைய சிமென்ட் ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இழை இருக்கிறது, எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதனால் அறுக்காமல், உடைக்காமல், தண்ணீர் அடித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழு ஷீட்டாக இறக்கச் சொன்னேன். ஆட்கள் முனகினார்கள். உடைத்துத் தள்ளினால் ஒரே நாள் வேலை, இப்படி மூன்று நாள் ஆனது.

புதுசாகப் போட்டது மூன்று அடுக்கு யுபிவிசி, அதாவது விறைப்பான பிவிசி பிளாஸ்டிக் ஷீட், வெள்ளை. அதே வளைவில், அதே அகலத்தில் பாலிகார்பனேட் ஒளி ஷீட்டும் கிடைக்கிறது, பழைய கண்ணாடி ஓடு மாதிரியே வரிசையில் ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும். அலை பொருந்தாத ஷீட்டை நடுவில் செருகி எம்-சீல் வைத்து அடைக்கிற வேலையே கிடையாது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு நீண்டு சுருங்குவதால் சேர்கிற இடத்தில் இழுபறி இல்லை. இதையே இரும்புத் தகர ஷீட்டோடு சேர்த்தால் ஓட்டை விஷயத்தில் இன்னும் கவனமாக இருக்கணும். கடையில் ஒரு துண்டு யுபிவிசியும் ஒரு துண்டு ஒளி ஷீட்டும் வாங்கி ஒன்றின்மேல் ஒன்று வைத்து, இடைவெளி இல்லாமல் படிகிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுத்தேன். முதல் கடையில் படியவில்லை. கேட்டதற்கு, இறுக்கினால் சரியாகிவிடும் என்றார்கள். வந்துவிட்டேன்.

யுபிவிசி பற்றி யாரும் சொல்லாத ஒன்று பர்லின். சிமென்ட் ஷீட்டுக்கு நாலரை அடிக்கு ஒரு பர்லின் போதும், எங்கள் குடோனில் அப்படித்தான் இருந்தது. யுபிவிசி 80 டிகிரிக்குப் பக்கத்தில் போனால் இளகிவிடும் பிளாஸ்டிக், வெயிலில் அதற்கு முன்பே விறைப்பு குறையும், அந்த இடைவெளியில் நடுவே தொய்ந்து தண்ணீர் தேங்கும். ஷீட் விற்பவர் இதைச் சொன்னால் இரும்புச் செலவு ஏறி ஆர்டர் போய்விடும் என்று வாய் திறக்கமாட்டார். ஒவ்வொரு இரண்டு பர்லினுக்கும் நடுவே சி எழுத்து வடிவ இரும்புச் சட்டம் (சி சேனல்) ஒன்று சேர்த்து இரண்டேகால் அடி ஆக்கினோம். வெல்டிங் எல்லாம் ஷீட் ஏறுவதற்கு முன்பே முடிய வேண்டும். விட்டுப்போன ஒரு இடத்தை அப்புறம் வெல்டு செய்தபோது பொறி பறந்து ஒளி ஷீட்டில் ஊசி ஊசியாகப் பொத்தல், அதில் ஒன்று இன்னும் மழைக்குச் சொட்டுகிறது. வெள்ளை நிறம் அழகுக்காக எடுத்ததில்லை. பக்கத்து ஊரில் ஒருவர் ஓட்டுச் சிவப்பில் போட்டு, அது சூடேறிய சூட்டில் அலையே நெளிந்துபோயிருப்பதைப் பார்த்துவிட்டு வந்தேன்.

எத்தனை ஒளி ஷீட், எங்கே? இந்தத் தடவை இதற்குத்தான் அதிக நேரம் செலவழித்தேன். புத்தகங்களில் வடக்குப் பக்கம் வெளிச்சம் எடு, நேர் வெயில் வராது என்று இருக்கும். ஐரோப்பாக்காரனுக்கு அது சரி. நாம் இருப்பது 11 டிகிரி அட்சரேகையில். சித்திரை பிறந்து ஐந்தாறு நாளில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடும், அன்றைக்கு மத்தியானம் நட்டு வைத்த குச்சிக்கு நிழலே இருக்காது. அதற்குப் பிறகு சூரியன் வடக்கே போய்விட்டு ஆவணி முதல் வாரம் வாக்கில்தான் மறுபடியும் தலைக்கு மேல் வந்து தெற்கே திரும்புகிறது. அதாவது வருடத்திலேயே சூடான மாதங்களில் நமக்கு மத்தியான வெயில் வடக்குப் பக்கத்திலிருந்துதான் அடிக்கிறது. எங்கள் கூரைச் சரிவே கிழக்கு மேற்காகத்தான் இருக்கிறது என்பதால் வடக்கு தெற்கு பார்க்கிற பாக்கியமும் இல்லை. மேற்குச் சரிவில் ஒன்றுகூடப் போடவில்லை. கிழக்குச் சரிவில் மட்டும் ஆறு. காலை வெயில் எவ்வளவு அடித்தாலும் இரவு ஈரம் குடோனுக்குள் இருக்கும், பாவு தாங்கும்.

பதினாறு போட்ட இடத்தில் ஆறு எப்படிப் போதும் என்று எனக்கே சந்தேகம். தரைப் பரப்பில் இருபதில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்கு வரை என்பது ஷெட் கட்டுபவர்கள் சொல்லும் கணக்கு. 1800 சதுர அடிக்கு 90 சதுர அடி, அதுவே கீழ் எல்லை. நான் அதற்குக் கொஞ்சம் மேலே நின்றுகொண்டேன். தெளிவான ஷீட் எடுக்காமல் பால் வெள்ளை எடுத்ததும் முக்கியம். தெளிவான பாலிகார்பனேட் விழுகிற வெளிச்சத்தில் 80 சதவீதத்துக்கு மேல் உள்ளே விடும், ஆனால் கீழே ஒரு கட்டமாக வெயில் விழும், சுற்றி இருட்டு, கண்ணுக்கு அது டியூப் லைட்டைவிட மோசம். பால் வெள்ளை பாதியைத்தான் விடும், சில ரகம் அதைவிடக் குறைவு. அந்தப் பாதி எல்லாப் பக்கமும் சிதறி இறங்குவதால் தறிக்குத் தறி நிழல் அடிப்பதில்லை. ஷீட்டைத் தறிக்கு நேர் மேலே போடாமல் நடைபாதைக்கு மேலே வருகிற மாதிரி வைத்தோம். இதைச் சொன்னதும் அந்த அக்காதான். இந்தத் தடவை ஷீட் வாங்குவதற்கு முன்பே அவரைக் கேட்டேன், தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக் காட்டினார்.

பால் வெள்ளைக்கு ஒரு குணம் உண்டு, சம்பந்தமில்லாவிட்டாலும் சொல்கிறேன். வீட்டுக் குளியலறைக்கு நடுவில் பால் வெள்ளைப் பலகை பதித்த பிவிசி கதவு வாங்கினோம். பகலில் வெளியே இருந்து ஒன்றும் தெரியாது, அருமை. இரவில் உள்ளே லைட் போட்டால் உள்ளே இருப்பவர் நிழல் தோல்பாவைக்கூத்து மாதிரி கதவில் ஆடுகிறது. மாமியார் வந்த அன்று இரவே மனைவி அதில் காலண்டர் அட்டையை ஒட்டிவிட்டார்.

காற்றை மறந்துவிடக் கூடாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் வருகிற காற்று பல்லடம் பக்கமெல்லாம் காற்றாலை சுற்றும் காற்று, பிளாஸ்டிக் ஷீட் அதற்கு ஒரு பொருட்டில்லை. காற்று கூரையைத் தள்ளுவதைவிட மேலே தூக்கும், அதுவும் ஓரத்திலும் மூலையிலும் முகட்டிலும்தான் அதிகம். அதனால் ஓர வரிசைகளில் ஒரு அலை விட்டு ஒரு அலைக்கு ஸ்க்ரூ, நடுவில் அதைவிடக் குறைவு. ஒளி ஷீட்டை எந்த ஓரத்திலும் போடவில்லை, கடைசி ஷீட்டிலிருந்து இரண்டு ஷீட் உள்ளே தள்ளித்தான் ஆரம்பம். ஸ்க்ரூ அலையின் மேட்டில் போகணும், பள்ளத்தில் போட்டால் தண்ணீர் அதன்மேலேயே ஓடும்.

பராமரிப்பு என்றால் பெரும்பாலும் பஞ்சு. மேலே மழை கழுவிவிடும், அடிப்பக்கம் பறக்கும் பஞ்சுத் தூசி பிளாஸ்டிக்கில் போய் அப்பிக்கொள்ளும். மாதம் ஒருமுறை நீளக் கம்பில் துணி சுற்றித் துடைக்கிறோம், வருடத்துக்கு இரண்டு முறை சோப்புத் தண்ணீர். உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும். தின்னர் பக்கமே போகக் கூடாது: டிரஸ்ஸுக்குப் பெயின்ட் அடித்தவர் ஷீட்டில் சொட்டிய சொட்டுகளைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்தார், துடைத்த இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்து அடுத்த கோடையில் அங்கிருந்துதான் விரிசல் கிளம்பியது. ஆறில் ஒன்று அப்படிப் போனது.

மயில்கள் வேறு. எங்கள் பக்கம் இப்போது காக்காயைவிட மயில் அதிகம் என்று சொல்லத் தோன்றுகிறது. காலையில் வந்து கூரைமேல் நடக்கும்போது ஒளி ஷீட்டுக்குக் கீழே நின்று பார்த்தால் கால் விரல் தனித்தனியாகத் தெரியும். தறி ஓட்டுபவர்கள் ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்ப்பார்கள், நானும் சும்மா விட்டுவிடுவேன். ஷீட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை.

இப்போது பகலில் மேற்குப் பக்கம் இரண்டு விளக்கு மட்டும் எரிகிறது, கிழக்குப் பக்கம் நாலரை மணி வரை தேவைப்படுவதில்லை. மத்தியானம் அந்த மூன்று தறிகளிலும் இழை அறுவது மற்ற தறிகள் மாதிரியேதான். தின்னர் பட்ட ஷீட்டை மாற்ற வேண்டும், வெல்டிங் பொத்தல் விழுந்த ஷீட்டையும் சேர்த்து. ஆடிக் காற்று அடங்காமல் கூரையில் ஆள் ஏற்ற முடியாது. ஆவணியில் பலகை, பெல்ட் எல்லாம் எடுத்துக்கொண்டு ஏறணும், ஃபிலிமை நானே உரிப்பதாக இருக்கிறேன்.